அம்மாவின் வெந்நீருக்கு எத்தனை எம்எம் வயர்

பத்தாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ஓமின் விதியைப் பதினேழு வருடமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கரும்பலகையில் ஒரு மின்கலம், ஒரு பல்பு, இரண்டையும் சேர்க்க ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குத் தடை கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கணக்கை ஆரம்பிப்பேன். பிள்ளைகள் அப்படியே வைத்துக்கொள்வார்கள், பரீட்சையிலும் புள்ளி கிடைக்கும். வீட்டில் நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். எனக்குக் கிடைத்தது வேறு.

நானும் அம்மாவும் குடியிருப்பது அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கென்று கட்டிய ஆறு வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு லயத்தின் கடைசி வீட்டில். இதை இங்கே சுலபமாக எழுதிவிட்டேன். வேறு எங்கும் எழுதமாட்டேன். விண்ணப்பப் படிவங்களில் என் முகவரி "இல. 6, கீழ்ப்பிரிவு வீதி" என்றிருக்கும். அப்படி ஒரு வீதி உலகத்தில் இல்லை. ரோட்டிலிருந்து தேயிலைக்கு நடுவே எண்பது படி இறங்கினால் எங்கள் லயம் வரும், அவ்வளவுதான். கடிதமெல்லாம் எப்படியும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போய்ச் சேரும். அங்கே இருப்பவர்கள் வீதியை வாசித்துச் சிரித்துவிட்டு எடுத்து வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது வீடு எங்கே என்று கேட்டால் "எஸ்டேட் பக்கம்" என்பேன். அவர்கள் அதை உத்தியோகத்தர் குவாட்டர்ஸ் என்று நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டின் உள்ளே என்னென்னவோ செய்திருந்தேன். தரைக்கு டைல், அலுமினிய ஜன்னல், பின்பக்கம் ஒட்டினாற்போல் குளியலறை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் பண்டாரவளை டவுனில் இருக்கிற மாதிரியே இருக்கும். ஆகவே கதவை அதிகம் சாத்தியே வைத்திருந்தேன்.

அம்மாவுக்கு அந்த டைல் எல்லாம் வழுக்கும் சாமான். அவளுக்கு வேண்டியது வெந்நீர் மட்டும். முப்பத்தெட்டு வருடம் மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்த கை. விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் ஒரு கோப்பையைப் பிடிப்பதே பாடாகிவிட்டது. பச்சைத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது, தினமும் வெந்நீரில் குளிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொல்வது அவருக்குச் சுலபம். மார்கழிக் காற்றில் விறகு மூட்டி, ஒரு பானைத் தண்ணீரைக் காய்ச்சி, அதை அந்த விரல்களால்தான் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போக வேண்டும். ஒரு நாள் பானை நழுவி, கொதிநீர் அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கொட்டியது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சாயங்காலம் வந்து ஈரத்தரையைப் பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன், குழாயைத் திருப்பினால் சுடச்சுட வரும் ஷவர் ஹீட்டர் ஒன்று பூட்டிவிடுவதென்று.

ஹீட்டர் நாலு கிலோவாட். சாதாரண மனிதன் என்றால் நேரே கடைக்குப் போய் "ஹீட்டர் வயர் குடுங்க" என்பான். நான் விஞ்ஞான ஆசிரியன் அல்லவா? கொப்பியில் கணக்குப் போட்டேன். நாலாயிரத்தை இருநூற்று முப்பதால் பிரித்தால் பதினேழு அம்பியருக்குக் கொஞ்சம் மேலே. பல்புக்குப் போடும் ஒரு எம்எம் வயர் இதைத் தாங்காது. பிளக் பொயின்ட்டுக்குப் போடும் இரண்டரை எம்எம் தாங்கும், ஆனால் சுடும். நாலு எம்எம் என்றால் நிம்மதி. கீழே இரண்டு கோடு போட்டு விடையைக் கட்டம் கட்டினேன். அந்தக் கணக்கில் இன்று வரைக்கும் ஒரு பிழையும் கிடையாது.

கல்விக் காரியாலயத்தில் ஒரு வேலையாகப் பதுளைக்குப் போன அன்று, பஜாரில் உள்ள ஒரு வயர் கடைக்குப் போனேன். வயதான முஸ்லிம் முதலாளி. காதில் பென்சில், முன்னால் வயர்ச் சுருள்கள்.

"நாலு எம்எம், நாலு மீட்டர்" என்றேன், மருந்துச் சீட்டு எழுதும் டாக்டரின் குரலில்.

"என்னத்துக்கு சேர்?"

"நாலு கிலோவாட் ஹீட்டருக்கு."

"சைஸ் சரிதான். மெயின் சுவிட்ச் எங்க ஈக்கிது? அதில இருந்து ஹீட்டருக்கு எத்தன மீட்டர் வரும்?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான்: எங்கள் லயத்துக்கு மீட்டர் ஒன்று. அது முதலாவது வீட்டின் முன் திண்ணையில், இஸ்தோப்புச் சுவரில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு வயர் புறப்பட்டு, தகரக் கூரைக்குக் கீழே, ஐந்து வீட்டுச் சுவர்களில் போட்ட ஓட்டைகள் வழியாக, ஒவ்வொரு வீட்டுக்கும் கிளை விட்டுக்கொண்டு, கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்கிறது. வீட்டுக்கு ஒரு பல்பும் ஒரு ரேடியோவும் போதும் என்று யாரோ நினைத்த காலத்தில் இழுத்த வயர்.

"வீட்டுக்குள்ளதான். நாலு மீட்டர்" என்றேன்.

"தனி மீட்டரா?"

"பின்ன?"

அவர் என் சப்பாத்தைப் பார்த்தார். படியேறி வந்த செம்மண் அதில் காய்ந்திருந்தது. வயரை அளந்து வெட்டிக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே பூட்டினேன். பச்சை எர்த் வயரைக்கூட மறக்கவில்லை. வெள்ளைக் கிளிப் அடித்து, ரூல் தடி வைத்து நேராக இழுத்த அந்த நாலு மீட்டரைப் பார்க்க அக்கம்பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். "எம்மாம் மொத்தம்" என்று தொட்டுப் பார்த்தார்கள். நான் ஓமின் விதியைச் சுருக்கமாக விளக்கினேன். அந்தத் தடித்த வயரின் மறுமுனை, கூரைக்குக் கீழே நூல் மாதிரி வந்துகொண்டிருந்த பழைய வயரில் போய்ச் சேர்வதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. என் கையால்தானே முறுக்கினேன். ஆனால் அது வீட்டுக்கு வெளியே இருந்து வருவது. வெளியே இருப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

அம்மா முதல்நாள் அரை மணி நேரம் உள்ளே இருந்தாள். வெளியே வந்தபோது முகம் சிவந்து, பத்து வயது குறைந்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக் காட்டினாள்.

"மடங்குது தம்பி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைப்பதற்காக வயரின் தடிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினேன்.

மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. அம்மா குளிக்கப் போனால் லயம் முழுக்கத் தெரிகிறது. குண்டு பல்பு இருக்கிற வீட்டில் பல்பு சிவந்து போகும். மலிவான எல்.ஈ.டி. இருக்கிற வீட்டில் அது கண் சிமிட்டும். முதல் வீட்டில் எதுவும் இல்லை, எங்கள் பக்கம் வர வர மோசம். நாலாவது வீட்டில் டீவி அணைந்தே போகும். அந்த வீட்டுக்காரி என்னோடு ஒன்றாக ஓடி விளையாடியவள். நான் வேலைக்குப் போன நாளிலிருந்து என்னை சேர் என்கிறாள்.

"சேர், பெரியம்மா குளிச்சி முடிச்சிட்டாங்களா? நாடகம் ஆரம்பிக்க போவுது" என்று வந்து கேட்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். பெரியம்மா குளிக்கும் நேரம் என்று எல்லாரும் ஒரு நேரத்தைச் சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள். அதற்குள் அயர்ன் பண்ண வேண்டியவர்கள் அயர்ன் பண்ணிவிடுவார்கள்.

எனக்கு இது ஒரு மாதிரிப் பெருமையாகக்கூட இருந்தது. அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் குளித்தது தோட்டத்துப் பீலியில், மலையிலிருந்து தகரத் தாளில் வந்து விழும் தண்ணீரில், இருபது பெண்களோடு, மாரில் பாவாடையைக் கட்டிக்கொண்டு, மேலே பாதையில் லொறி போகப் போக. அப்போது அவள் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. இப்போது நாலு சுவருக்குள், தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கிறபோது வெட்கப்பட்டாள்.

"ஊருக்கெல்லாம் மணியடிச்சிட்டு குளிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அரை மணி கால் மணியாகி, பிறகு ஐந்து நிமிடமானது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பகல். நாலாவது வீட்டுக்காரி வந்தாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"சேர், நாங்க படுக்குற காம்பராவுல என்னமோ தீஞ்ச வாசம் வருது. பெரியம்மா குளிக்கிற நேரம்தான் வருது. நானும் ரெண்டு நாளா பாக்குறேன். கொஞ்சம் வந்து பாருங்களேன்."

முதல் வீட்டில் மெயினை அணைத்துவிட்டு, மேசையில் ஏறிக் கூரைக்குக் கீழே பார்த்தேன். குளிருக்காகச் சாக்கும் பொலித்தீனும் அடித்திருந்தார்கள். அதற்குள்ளே, எந்தக் காலத்திலோ யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஒரு வயர் மூட்டு. டேப் உருகி வழிந்து கறுத்திருந்தது. பக்கத்துச் சாக்கு ஒரு கையளவு பழுப்பேறிப் பொடிந்து விழுந்தது. மூட்டுக்கு நேர் கீழே அவளுடைய இரண்டு மகள்மாரும் படுக்கிற கட்டில்.

மேசையில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் நாலு மீட்டருக்குக் கணக்குப் போட்டிருந்தேன். கரண்டு வந்தது நாற்பத்தைந்து மீட்டர். அதில் நாற்பத்தொரு மீட்டர் ஒன்றரை எம்எம்மும் தேறாத வயர். நாலு எம்எம் போட்டதால் என் சுவர் மட்டும் குளிர்ந்திருந்தது. சூடெல்லாம் அடுத்தவன் வீட்டுக் கூரையில். மீட்டரில் இருந்தது முப்பது அம்பியர் பிரேக்கர். பதினேழுக்கும் இருபதுக்கும் அது ஏன் விழப்போகிறது? வயர்தான் வேகும். இதை என் பத்தாம் தரத்துப் பிள்ளை எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன்.

எரிந்த வயர் மூட்டை வெட்டி எடுத்து, சரியான கனெக்டர் போட்டு, ஹீட்டரைக் கழற்றிவிட்டேன். "எதனால சேர்?" என்று அவள் கேட்டாள். "பழைய வயரு" என்றேன். உண்மைதான். வேண்டிய அளவுக்கு உண்மை.

அம்மாவிடம் ஹீட்டர் பழுதாகிவிட்டது என்றேன். "ஓ" என்றாள். மறுநாள் பானையை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். மீட்டரிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். என்ன சைஸ், எப்படி இழுப்பது, மீட்டர் தாங்குமா என்று விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்க வேண்டும். கேட்டால் மீட்டர் எங்கே இருக்கிறது என்பார். பதுளையில் வேறு கடை இல்லாமலா? எல்லாக் கடையிலும் அதே கேள்விதான் வரும் என்பதுதான் பிரச்சினை. இந்தக் கிழமை பரீட்சைத்தாள் மொடரேஷன், அடுத்த கிழமை விளையாட்டுப் போட்டி, அதற்கடுத்து மழை என்று ஆறு வாரம் தள்ளிப்போட்டேன். தை மாதத்துக் குளிர். அம்மா பானையைத் தூக்க முடியாமல் ஒரு சின்னச் சட்டியால் மொண்டு மொண்டு, அடுப்புக்கும் குளியலறைக்கும் ஏழெட்டு நடை நடந்தாள். கடைசிச் சட்டி வரும்போது முதல் சட்டி ஆறியிருக்கும். நான் வீட்டில் இருந்த நாட்களில் தூக்கிக் கொடுத்தேன். இல்லாத நாட்களில் நடந்தவள் அவள்தான். அவள் விரல்கள் மறுபடியும் மடங்காமல் போனதைப் பார்த்துக்கொண்டே ஆறு வாரம் இருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் அதே கடைக்குப் போனேன். முதலாளி என்னைக் கண்டதும் ஒரு டேப் சுருளை எடுத்து மேசையில் வைத்தார்.

"டேப் வேணாம்" என்றேன். "அன்னைக்கி நான் சொன்னது பிழை. மீட்டர் எங்க வீட்டுல இல்ல. நாங்க லயத்துல இருக்கோம். ஆறு வீட்டுக்கும் ஒரு மீட்டர். எங்க வீடு கடைசி."

பஜாரே திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் பல்பு வாங்கிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பவில்லை.

"தெரியும் சேர்" என்றார் முதலாளி. "இந்த மலையில இருந்து வாற சேர்மார், கிளார்க்மார், எல்லாருக்கும் மீட்டர் வீட்டுக்குள்ளதான். பொறகு ஒரு மாசத்தில எரிஞ்ச மூட்டுக்கு சுத்த டேப் வாங்க வருவாங்க. நான் கேக்கிறது வயருக்காக. அவங்க பதில் சொல்றது எனக்கு."

"தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு தரம் கேட்டேனே. மூணாந்தரமும் கேட்டா சேருக்கு மரியாத இல்லையே."

காட்போட் பெட்டி ஒன்றைக் கிழித்து, காதிலிருந்த பென்சிலையும் நீட்டினார். "லயத்த கீறுங்க" என்றார். ஆறு பெட்டிகளை ஒட்ட ஒட்டக் கீறினேன். மீட்டரைக் கீறினேன். என் வீட்டை நானே ஒரு கடைக்காரருக்குக் கீறிக் காட்டியது அதுதான் முதல் தடவை. அவர் விரலால் அளந்து பார்த்தார்.

"ஆறு எம்எம் போடுங்க. தூரத்துக்கு அதுதான் சரி. மீட்டர்ல இருந்து நேரா வரணும். நடுவுல மூட்டு ஒண்டும் இருக்கப்படாது. தனி பிரேக்கர். தாவாரத்துக்குக் கீழால பைப்புக்குள்ள கொண்டு வாங்க. மீட்டர் பக்கத்து வேலைய நீங்க தொடாதீங்க, லைசன்ஸ் ஈக்கிற ஆள் ஒருத்தரக் கூட்டிட்டுப் போங்க. பழைய வயரையும் மாத்துங்க சேர். ஒங்கட வயர் மட்டும் புதுசா ஈந்து வேலையில்ல."

"அப்ப எல்லாம் சரியா வந்துருமா?"

"வராது. முப்பது அம்பியர்தானே. ஹீட்டர் ஓடுற நேரம் ரெண்டு வீட்டில அயர்ன் போட்டா பிரேக்கர் விழும். அதுக்கு வயர் இல்ல சேர். அயல்ல பேசித்தான் வச்சுக்கணும்."

பேசினேன். முதல் வீட்டு இஸ்தோப்பில் எல்லாரும் கூடினார்கள். தாவாரத்துக்குக் கீழே ஐந்து வீட்டு முகப்பையும் தாண்டி என் பைப் போக வேண்டும், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன். ஒருவரும் மறுக்கவில்லை. பெரியம்மாவுக்கு ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும் என்று அவர்களே நேரம் வைத்தார்கள். முதலில் ஏன் பிழையாகிப் போனது என்று ஒருவர் கேட்டார். கணக்கில் ஒரு சின்னத் தப்பு என்றேன். "சேருக்கே கணக்கு தப்புமா?" என்றாள் நாலாவது வீட்டுக்காரி, உண்மையான ஆச்சரியத்தோடு. அந்தக் கட்டிலும் பொடிந்த சாக்கும் ஞாபகம் வந்து, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை ஒரு பௌர்ணமி போயா விடுமுறை நாளில் நடந்தது. லைசன்ஸ்காரர் மீட்டர் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள, லயத்து ஆண்கள் பைப்பைப் பிடிக்க, நான் கிளிப் அடித்துக்கொண்டே வந்தேன். பழைய வயர் முழுவதையும் உருவி எடுத்தோம். முற்றத்தில் குவித்தபோது அதில் பதினொரு மூட்டு இருந்தது. அம்மா எங்கள் வாசலில் ஒரு கதிரை போட்டு, சால்வைக்குள் கைகளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடி இருந்தாள்.

கழற்றிய ஹீட்டரையும் திரும்பப் பூட்டி, நாலே முக்காலுக்கு வேலையை முடித்துவிட்டு எல்லாரும் போனார்கள். நான் சாமான்களைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவுதானா வேல?" என்றாள் அம்மா. "ஒரு நாளு. மொதல்லயே இப்புடி போட்டிருக்கலாமே."

"கணக்குல..." என்று ஆரம்பித்தேன்.

"ஹீட்டர் பழுதாகலன்னு எனக்கு தெரியும். நாலாவது வீட்டு புள்ள அன்னைக்கே வந்து சொல்லிட்டா, வயரு எரிஞ்சிருச்சின்னு. நீ என்னமோ செய்யிறேன்னு நெனச்சிதான் நான் வாயத் தெறக்கல. எதுக்கு தம்பி இத்தன நாளு?"

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை.

"கடையில மீட்டர் எங்க இருக்குன்னு கேட்டாங்கம்மா. நம்ம வீட்டுக்குள்ள இருக்குன்னு சொல்லிட்டேன். திரும்பவும் போயி லயம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி."

அம்மா சால்வையிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள். வலது கையால் இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அமுக்கினாள். கோபம் வந்தால் குரலை உயர்த்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"வெக்கம் ஒனக்கு. வலி எனக்கு" என்றாள். "நல்லாத்தான் பங்கு பிரிச்சிருக்க."

கொடியில் கிடந்த துவாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாளைத் தள்ள இரண்டு தடவை முயன்றாள், பிறகு அது விழுந்தது. குழாய் திறந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. நான் கையில் துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.